ஆயிரம் கிளைகளுக்கு ஒரே மார்கரிட்டா

அமெரிக்க நெடுஞ்சாலைச் சந்திப்புகளிலும் புறநகர் வணிக வளாகங்களிலும் ஒரே பெயர்ப்பலகையோடும் ஒரே உணவுப் பட்டியலோடும் இயங்கும் சங்கிலித் தொடர் உணவகங்களின் காக்டெய்ல்களைப் பற்றி, மதுக்கலவைகளை நுணுகிச் சுவைப்போரிடையே நெடுங்காலமாக ஒரு மதிப்பீடு நிலவி வருகிறது. கண்ணைக் கவரும் நிறமும் பெரிய கோப்பையும் இருந்தும் அவை மிகையாக இனிப்பவை, சாரம் குன்றியவை என்பதே அந்த மதிப்பீடு. பெரும்பாலான கிளைகளைப் பொறுத்தவரை அது தவறன்று. ஆனால் அக்குறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களான கலப்பவரின் திறமைக்குறைவும் குடிப்பவரின் ரசனைக்குறைவும் ஆராய்ந்து பார்த்தால் நிலைக்கவில்லை. இத்தகைய உணவகத்தில் ஒரு கலவை எப்படி இருக்கும் என்பது, எந்தச் சாறு எந்த வடிவில் வாங்கப்பட வேண்டும், அதை எத்தனை நொடிகளுக்குள் கலந்து முடிக்க வேண்டும் என்று பல மாதங்களுக்கு முன்பே தலைமை அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவுகளால் அமைகிறது. கோப்பையை நிரப்பித் தருபவருக்கு அம்முடிவுகளில் பங்கில்லை. பழி மட்டும் அவர்மீது விழுகிறது.

விஸ்கி, ஜின், ரம், டெக்கீலா போன்று காய்ச்சி வடித்தெடுக்கப்படும் மதுவோடு வேறு சுவைப்பொருள்களைச் சேர்த்து உருவாக்கும் பானமே காக்டெய்ல். 1806ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நகரிலிருந்து வெளிவந்த செய்தித்தாள் ஒன்று, வாசகர் ஒருவரின் கேள்விக்கு விடையளிக்கையில், வடித்த மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் ஆகிய நான்கின் சேர்க்கையே காக்டெய்ல் என்று வரையறுத்தது. பிட்டர்ஸ் என்பது வேர்களையும் பட்டைகளையும் மதுவில் ஊறவைத்து எடுத்துச் சொட்டுக் கணக்கில் சேர்க்கப்படும் கசப்புச் சாறு. 1862இல் ஜெரி தாமஸ் என்பவர் அமெரிக்காவின் முதல் மதுக்கலவைக் கையேட்டை வெளியிட்டபோது இந்த வரையறைக்கு வெளியே பல குடும்பங்கள் கிளைத்திருந்தன. அவற்றுள் இன்று சங்கிலி உணவகப் பட்டியல்களில் பேரிடம் பிடித்திருப்பது புளிப்பும் இனிப்பும் மதுவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் ‘சவர்’ குடும்பம். மார்கரிட்டா, டைக்கிரி, விஸ்கி சவர், மை டை ஆகிய அனைத்தும் அதைச் சேர்ந்தவை.

மார்கரிட்டாவை எடுத்துக்கொண்டால் அமைப்பு மிக எளியது. மெக்சிகோவின் நீலக் கற்றாழை வகையிலிருந்து வடிக்கப்படும் டெக்கீலா, ஆரஞ்சுத் தோலின் மணமேற்றிய இனிப்பு மதுவான ட்ரிப்பிள் செக், எலுமிச்சைச் சாறு ஆகிய மூன்றே பொருள்கள். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் செய்முறைப்படி இவை முறையே 50, 20, 15 மில்லிலிட்டர். மூன்றே பொருள்கள் என்பதால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்க வழியில்லை. டெக்கீலாவிலேயே முழுக்கவும் அக்கற்றாழையின் சர்க்கரையிலிருந்து செய்யப்படுவது ஒரு வகை. குறைந்தது 51 விழுக்காடு கற்றாழைச் சர்க்கரையும் மீதி கரும்பு போன்றவற்றின் சர்க்கரையும் கொண்டு செய்யப்படுவது மற்றொரு வகை. பின்னது விலை குறைந்தது, மணமும் குறைந்தது. ட்ரிப்பிள் செக்கிலும் 40 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட குவான்ட்ரோ போன்றவை ஒருபுறமும், அதில் பாதிக்கும் குறைவான வீரியத்தோடு சர்க்கரைப் பாகாகவே ஓடும் மலிவுப் போத்தல்கள் மறுபுறமும் உள்ளன. எந்தப் போத்தல் எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பப்பட வேண்டும் என்று ஒருவர் ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அம்முடிவு ஆயிரக்கணக்கான கோப்பைகளில் சுவையாக வெளிப்படுகிறது.

பொருள்களுக்கு அடுத்தபடி, பலரும் எண்ணிப் பார்க்காத நான்காவது பொருளாகத் தண்ணீர் உள்ளே வருகிறது. ஷேக்கர் எனப்படும் மூடிய உலோகக் குவளையில் பனிக்கட்டியோடு சேர்த்துப் பத்துப் பதினைந்து நொடிகள் வலுவாகக் குலுக்கும்போது கலவை பூஜ்யம் டிகிரிக்கும் கீழே குளிர்கிறது. ஆல்கஹால் கலந்த நீர்மத்தின் உறைநிலை தண்ணீரின் உறைநிலையைவிடத் தாழ்ந்திருப்பதால்தான் உருகும் பனிக்கட்டியால் இத்தனை குளிர்ச்சியைத் தர முடிகிறது. அந்தக் குளிர்ச்சிக்கு விலையாக, மூலப்பொருள்களின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி அளவுக்கு உருகிய நீர் கலவையில் சேர்கிறது. இந்நீர் குறைந்தால் பானம் தொண்டையை எரிக்கும். கூடினால் மூன்று பொருள்களும் கரைந்து அடையாளமிழக்கும். பெரிய, வறண்ட, கெட்டியான கட்டிகள் மெதுவாகவே உருகும் என்பதால் கலப்பவர் விரும்பும் நொடியில் நிறுத்திக்கொள்ள முடியும். இயந்திரத்திலிருந்து கொட்டும் சிறிய, நடுவே குழிவான, மேற்பரப்பில் ஏற்கெனவே நீர் கசியும் துண்டுகளில் அந்தக் கட்டுப்பாடு கைநழுவிப் போகிறது.

இவை எல்லாவற்றிலும் முதன்மையானது சாறு. எலுமிச்சைச் சாற்றில் ஏறத்தாழ 6 விழுக்காடு அமிலம் உண்டு. அதில் பெரும்பகுதி சிட்ரிக் அமிலமும், ஆப்பிளில் மிகுந்திருக்கும் மாலிக் அமிலம் ஒரு பகுதியுமாகும். இவ்விரண்டின் சேர்க்கையோடு, பிழியும்போது தோலிலிருந்து தெறிக்கும் மண எண்ணெயும் சேர்ந்துதான் எலுமிச்சை என்று நாம் உணரும் சுவை பிறக்கிறது. எலுமிச்சைச் சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகே சாறு பிழியும் தமிழ்ச் சமையலறைக்கு, அந்த மணம் எவ்வளவு நிலையற்றது என்பதை விளக்க வேண்டியதில்லை. பிழிந்த சாறு காற்றுபட்டு நேரமாக ஆகத் தன் கூர்மையை இழந்து கசப்பை நோக்கி நகர்கிறது. ஆனால் இந்த மாற்றம் நொடிக்கணக்கில் நிகழ்வதன்று. மதுக்கலவைகளை அறிவியல் முறையில் ஆராய்ந்து 2014இல் நூலாக வெளியிட்ட டேவ் ஆர்னால்டின் சுவைச் சோதனைகளில், அப்போதே பிழிந்த சாற்றைவிடச் சில மணி நேரம் முன்பு பிழிந்ததை விரும்பியோரும் இருந்தனர். பிற்பகலில் பிழிந்துவைத்து இரவு முழுவதும் பயன்படுத்துவது சுவைக்கு இழுக்காகாது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. ஆகவே புதிய சாறு என்பது பெரிய உணவகத்தின் சக்திக்கு அப்பாற்பட்டது என்ற வாதம் வலுவிழக்கிறது.

இனி, இந்தப் பானங்கள் சங்கிலிக்குள் எப்படி வந்தன என்பதைப் பார்க்கலாம். 1920 முதல் 1933 வரை நீடித்த நாடு தழுவிய மதுவிலக்கு அமெரிக்க பார்களின் கைத்தொழில் மரபைத் துண்டித்தது. கலக்கத் தெரிந்தவர்கள் வெளிநாடு சென்றனர், அல்லது வேறு தொழிலுக்கு மாறினர். விலக்கு நீங்கியபின் விக்டர் பெர்ஜெரான் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் 1934இல் தொடங்கிய சிறு விடுதி, ‘டிரேடர் விக்ஸ்’ என்ற பெயரில் பின்னாளில் பல நகரங்களுக்கும் லண்டனுக்கும் பரவிய தொடக்ககாலச் சங்கிலிகளுள் ஒன்றாயிற்று. 1944இல் அவர் உருவாக்கிய மை டை, ஜமைக்காவின் ரே அண்ட் நெஃப்யூ நிறுவனம் 17 ஆண்டுகள் பதப்படுத்திய ஒரு ரம்மை மையமாகக் கொண்டது. அதோடு எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு மது, பாதாம் பாகு ஆகியன சேர்ந்தன. பானம் புகழ்பெற்றது, புகழ் பெருகப் பெருக அந்த ரம்மின் இருப்பு தீர்ந்தது. பெர்ஜெரான் வேறு ரம்களைக் கலந்து அதே சுவையை எட்ட முயன்றார், அதில் பெருமளவு வெற்றியும் கண்டார். ஆனால் ஹவாய் விடுதிகளுக்குச் சென்ற மை டையில் அன்னாசிச் சாறு புகுந்தது, பின்னர் போத்தலில் அடைத்த ஆயத்தக் கலவை கடைகளில் விற்பனைக்கு வந்தது, கடைசியில் அசலுக்குத் தொடர்பே இல்லாத சிவந்த இனிப்பு நீர் பல இடங்களில் அதே பெயரைச் சுமந்தது. ஒரு நல்ல கலவை பெருக்கத்தைச் சந்திக்கும்போது என்ன நேர்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தொடக்ககாலச் சான்று கிடைப்பது அரிது.

இன்று ‘கேஷுவல் டைனிங்’ எனப்படும், அதாவது ஆடம்பரமும் இல்லாமல் துரித உணவும் அல்லாமல் மேசையில் அமர்ந்து உண்ணும் நடுத்தர வகைச் சங்கிலிகளின் வரலாறு பெரும்பாலும் 1965இல் தொடங்குவதாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாண்டு ஆலன் ஸ்டில்மன் நியூயார்க்கின் முதலாம் அவென்யூவும் 63ஆம் தெருவும் சந்திக்கும் மூலையில் ‘டி.ஜி.ஐ. ஃப்ரைடேஸ்’ என்ற பாரைத் திறந்தார். அக்கால பார்கள் ஆண்களின் இடங்களாகவே இருந்தமையால், அக்கம்பக்கத்தில் தனியே வசித்துவந்த இளம்பெண்கள் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய இடமாக அதை அமைப்பதே அவர் நோக்கம். ஆண்டுகள் செல்லச் செல்ல அது உரிமம் பெற்று நடத்தப்படும் கிளைகளாகப் பெருகியது. 1970இல் மெம்ஃபிஸ், 1972இல் டல்லஸ் என்று விரிந்த அந்நிறுவனத்தின் பிற்காலத்தை மட்டும் அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி, 1980களில் அதன் பார்டெண்டர்கள், அதாவது பார் மேடையில் நின்று கலவைகளைத் தயாரிப்போர், நீண்ட பயிற்சியும் நூற்றுக்கணக்கான செய்முறைகளை மனப்பாடம் செய்யும் தேர்வும் கடந்தே மேடையேறினர் என்பதாகும். போத்தலைச் சுழற்றிப் பிடிக்கும் வித்தையும் அங்கேதான் வளர்ந்தது. 1988இல் டாம் குரூஸ் நடித்து வெளிவந்த ‘காக்டெய்ல்’ திரைப்படத்துக்காக அவருக்குப் பயிற்சியளித்தவர் ஃப்ரைடேஸின் பார்டெண்டர் ஜான் பாண்டி. சங்கிலி என்பதாலேயே கலவை தாழ்ந்தாக வேண்டும் என்ற விதி இல்லை என்பதற்கு அக்காலகட்டம் சான்று. மனிதருக்குப் பயிற்சி அளிப்பதற்காகச் செலவிட்ட பணம், பின்னர் மனிதரின் தேவையையே குறைக்கும் பொருள்களுக்குத் திரும்பியது. அந்நிறுவனம் 2024 நவம்பரில் திவால் பாதுகாப்பு கோரியபோது அது முற்றிலும் வேறொரு உணவகமாக மாறியிருந்தது.

அந்தத் திருப்பத்தின் தொடக்கப்புள்ளியை டல்லஸ் நகரில் காணலாம். டெக்சஸ் மாநிலத்தில் உணவகங்கள் கலந்த மதுவைக் கோப்பையில் ஊற்றி விற்கும் அனுமதி 1971இல்தான் பரவலாகக் கிடைத்தது. அவ்வாண்டே அங்கு மெக்சிகோ உணவகம் ஒன்றைத் திறந்த மரியானோ மார்ட்டினெஸ், பனித்துகளோடு அரைத்த மார்கரிட்டாவைத் தன் தந்தையின் செய்முறைப்படி வழங்கினார். கூட்டம் பெருகியதும் சிக்கல் எழுந்தது: பார்டெண்டர் ஓய்வின்றி எலுமிச்சை பிழிந்து, மின் அரைவையில் தொகுதி தொகுதியாக அரைக்க வேண்டியிருந்ததால், ஒரு கோப்பையின் சுவை அடுத்த கோப்பையில் இல்லை, வாடிக்கையாளர்கள் குறை கூறினர், பார்டெண்டரோ வேலையை விட்டுவிடும் நிலைக்கு வந்தார். செவன் இலெவன் கடையில் பனிக்கூழ் பானமான ஸ்லர்ப்பியைத் தரும் இயந்திரத்தைப் பார்த்தபோது மார்ட்டினெஸுக்கு வழி புலப்பட்டது. அவ்வியந்திரம் அவருக்குக் கிடைக்காமற்போகவே, மென்மையான ஐஸ்கிரீமைப் பிழிந்து தரும் இயந்திரம் ஒன்றை வாங்கி, நண்பர் ஃபிராங்க் ஆடம்ஸின் துணையோடு மாற்றியமைத்தார். 1971 மே மாதத்தில் அதிலிருந்து முதல் உறைந்த மார்கரிட்டா இறங்கியது. அவர் அதற்குக் காப்புரிமை பெறவில்லை. ஆகவே நாடெங்கும் அதைப் போன்ற இயந்திரங்கள் பரவின. மூல இயந்திரம் 2005இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

மார்ட்டினெஸின் கண்டுபிடிப்பைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஒரு தொழிலாளியின் கைவலியையும் ஒரு வாடிக்கையாளரின் ஏமாற்றத்தையும் ஒரே நேரத்தில் தீர்த்த கருவி அது. ஆயினும் அதன் இயற்பியல் சில விளைவுகளை உடன் கொண்டுவந்தது. ஆல்கஹால் மிகுந்தால் கலவை உறையாமல் நீர்மமாகவே சுழலும். சர்க்கரை குறைந்தால் கட்டியாக இறுகி இயந்திரத்தை நிறுத்திவிடும். எனவே கூழ்ப் பதத்தில் நிற்க வேண்டுமானால் மது ஒரு வரம்புக்குள்ளும் சர்க்கரை ஒரு வரம்புக்கு மேலும் இருந்தாக வேண்டும். இதோடு, மிகக் குளிர்ந்த நிலையில் நாக்கு இனிப்பை மங்கலாகவே உணரும் என்பதால், சுவைத்தவர் போதுமென்று சொல்லும்வரை மேலும் இனிப்பேற்றப்படுகிறது. பனிக்கூழ் உருகிய பின் கோப்பையின் அடியில் எஞ்சும் நீர்மத்தைப் பருகியோர் உண்மையான சர்க்கரை அளவை அப்போதுதான் அறிவர். ஒரு தலைமுறை அமெரிக்கருக்கு மார்கரிட்டா என்றாலே இந்த இனிப்புதான் என்று ஆனபின், கூழாக்காமல் பனிக்கட்டி மேல் ஊற்றித் தரப்பட்ட மார்கரிட்டாவும் அதே இனிப்பைப் பின்பற்றத் தொடங்கியது.

இயந்திரத்துக்குத் துணையாக நின்றது சவர் மிக்ஸ். எலுமிச்சைக்கும் சர்க்கரைக்கும் மாற்றாக, சிட்ரிக் அமிலம், சர்க்கரை அல்லது மக்காச்சோளப் பாகு, செயற்கை மணம், நிறம், கெடாமல் காக்கும் வேதிப்பொருள் ஆகியவற்றைச் சேர்த்துத் தூளாகவோ நீர்மமாகவோ விற்கப்படும் ஆயத்தப் பொருள் இது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவிய இது, சோடா தரும் குழாயின் ஒரு பொத்தானை அழுத்தினாலே வழியும் அளவுக்கு பாரோடு ஒன்றிப்போனது. ஒரு தலைமை அலுவலகத்தின் பார்வையில் இதன் நன்மைகள் மறுக்க முடியாதவை: எலுமிச்சையின் விலை பருவத்துக்கேற்ப ஏறியிறங்கும், இதன் விலை நிலையானது, ஒரு பழம் மற்றொன்றைவிடப் புளிக்கும், இது என்றும் ஒரே புளிப்பு, பிழிய ஆள் வேண்டும், இதற்கு வேண்டாம், மீந்தால் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் மாலிக் அமிலமும் தோல் எண்ணெயும் இல்லாத ஒற்றைப் புளிப்பு நாக்கின் ஓரத்தை மட்டும் குத்திவிட்டு மறைகிறது, பின்னால் பாகின் பிசுபிசுப்பு தங்குகிறது. அதைவிடப் பெரிய இழப்பு, புளிப்பும் இனிப்பும் ஒரே போத்தலுக்குள் பிணைக்கப்பட்டுவிடுவதால், இனிப்பைக் குறைக்கச் சொல்லும் வாடிக்கையாளருக்கு பார்டெண்டரால் புளிப்பையும் சேர்த்தே குறைக்க முடிகிறது என்பதாகும். சமநிலைப்படுத்தும் அதிகாரம் அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. சங்கிலி உணவகக் காக்டெய்லின் நோய்க்கு ஒரே ஒரு காரணத்தைச் சுட்ட வேண்டுமானால், இப்போத்தலையே சுட்ட வேண்டும்.

பரிமாறும் முறையும் இதில் பங்கு வகிக்கிறது. தனி பாரில் கலவை பிறந்த இடத்துக்கும் குடிப்பவர் கைக்கும் இடையே ஒரு முழ தூரமே உண்டு. உணவகத்திலோ பெரும்பாலான பானங்கள் மேசைகளுக்குச் செல்கின்றன. பரிமாறுபவர் வேறு மேசையின் உணவையும் சேர்த்து எடுத்துச்செல்லக் காத்திருக்கும் நேரத்தில், தட்டில் நிற்கும் கோப்பைக்குள் பனிக்கட்டி உருகிக்கொண்டே இருக்கிறது. டல்லஸிலேயே 1975இல் தோன்றிய சில்லிஸ் சங்கிலி, தன் ‘பிரசிடென்டே’ மார்கரிட்டாவைச் சிறு ஷேக்கரோடு மேசைக்கு அனுப்பி அங்கேயே குலுக்கி ஊற்றும் வழக்கத்தை ஏற்படுத்தியது. வெளிப்பார்வைக்கு அது விளம்பர உத்தி. உள்ளே பார்த்தால், நீர்த்துப்போவதைத் தவிர்க்கும் உண்மையான தீர்வு அதில் இருக்கிறது. மாநிலச் சட்டங்களும் ஒரே செய்முறையை எல்லா இடத்துக்கும் பொருத்தவிடுவதில்லை. யூட்டா மாநிலத்தில் ஒரு பானத்தின் முதன்மை மது ஒன்றரை அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 44 மில்லிலிட்டருக்கு மிகாமல், அளவுக்கருவி வழியாகவே ஊற்றப்பட வேண்டும்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் இவ்வாய்வு முழுமை பெறாது. உணவைவிட மதுவில் லாப விகிதம் மிகுதி என்பதால், உணவகத் தொழிலில் காக்டெய்ல் ஒரு தாங்குதூண். அதே காரணத்தால் அது கூட்டம் சேர்க்கும் கருவியாகவும் ஆகிறது. 2017 அக்டோபரில் ஆப்பிள்பீஸ் சங்கிலி மார்கரிட்டாவை ஒரு டாலருக்கு வழங்கியது. டிசம்பரில் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற கலவைக்கும் அதே விலை வைத்தது. வெறுமையாகும் மேசைகளை நிரப்ப அது உதவியிருக்கலாம். ஆனால் ஒரு டாலருக்குள் பிழிந்த சாற்றுக்கும் முழுக் கற்றாழை டெக்கீலாவுக்கும் இடமில்லை என்பது எவரும் போடக்கூடிய கணக்கு. அத்தகைய விலை ஒருமுறை மனத்தில் பதிந்துவிட்டால், பன்னிரண்டு டாலருக்கு ஒழுங்காகச் செய்த மார்கரிட்டா கொள்ளையாகத் தோன்றத் தொடங்குகிறது. 2018 மே முதல், 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் கொண்ட உணவகங்கள் பட்டியலில் இடம்பெறும் பானங்களுக்கும் கலோரி அளவைக் குறிப்பிட வேண்டும் என்ற கூட்டாட்சி விதி நடைமுறைக்கு வந்ததால், இந்த மலிவின் ஒரு பகுதி சர்க்கரையாலானது என்பதைப் பட்டியலைப் பார்த்தே இப்போது மதிப்பிட முடிகிறது.

எதிர்த்திசை இயக்கம் நியூயார்க்கில் தொடங்கியது. 1987இல் ராக்ஃபெல்லர் மையத்தின் உச்சியில் ரெயின்போ ரூம் என்ற உணவகம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டபோது, அதன் பொறுப்பாளர் ஜோ பாம் 19ஆம் நூற்றாண்டு முறையில் கலவைகள் வேண்டும் என்று கேட்க, பார் தலைவரான டேல் டிகிராஃப் ஆயத்தக் கலவைகளை முற்றாக ஒதுக்கிப் பிழிந்த சாற்றை மட்டுமே பயன்படுத்தினார். ரெயின்போ ரூம் ஒரு சிறு கடை அன்று. நாள்தோறும் பெருங்கூட்டம் வரும் இடம். ஆகவே அளவில் பெரியதாக இருப்பதும் நல்ல சாறும் ஒன்றோடொன்று முரண்படாதவை என்பது அங்கேயே மெய்ப்பிக்கப்பட்டது. 1999இன் கடைசி நாளில் சாஷா பெட்ராஸ்கே திறந்த மில்க் அண்ட் ஹனி என்ற பார், கையால் வெட்டிய பெரிய பனிக்கட்டியையும் ஜிகர் எனப்படும் சிறு அளவுக்குவளையால் சொட்டுப் பிசகாமல் அளக்கும் ஒழுக்கத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தது. சங்கிலிகளுள்ளும் இதற்கு இணையான அக்கறை இல்லாமலில்லை: 1977இல் நாஷ்வில் நகரில் ஹூஸ்டன்ஸ் என்ற பெயரில் தொடங்கிய ஹில்ஸ்டோன் குழுமம், மார்டினி பாதி குறைந்ததும் அதைப் புதிதாகக் குளிரவைத்த வேறு கோப்பைக்கு மாற்றித் தரும் வழக்கத்துக்காகப் பெயர்பெற்றது. அதற்குத் தேவைப்படுவது குளிர்பெட்டியில் ஒரு தட்டு இடமும், அதைச் செய்யப் பணியாளருக்கு நேரமும்தான்.

முன்கூட்டியே கலந்து வைப்பது தரக்குறைவு என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியான எண்ணமன்று. மது, இனிப்பு மது, பிட்டர்ஸ் ஆகியன மட்டும் கொண்ட கலவைகளை, பனிக்கட்டியோடு கிளறும்போது சேரவேண்டிய தண்ணீரையும் கணக்கிட்டு முன்பே சேர்த்துப் போத்தலிலோ பீப்பாயிலோ குளிரவைத்தால், அவசர வேளையில் கையால் செய்வதைவிடத் துல்லியமான பானம் கிடைக்கும். சாற்றின் சிக்கலுக்கும் வழிகள் பிறந்துள்ளன. கென்டக்கியின் லூயிவில் நகரில் பார் நடத்திய நிக்கல் மோரிஸ் உருவாக்கிய முறையில், எலுமிச்சைத் தோலைச் சிட்ரிக், மாலிக் அமிலத் தூள்களோடு ஊறவைத்து எண்ணெயை வெளிக்கொணர்ந்து, தண்ணீரும் பிழிந்த சாறும் சேர்த்து அரைத்து வடிகட்டுகின்றனர். சில பழங்களிலிருந்து பல மடங்கு நீர்மம் கிடைக்கிறது, அது நாள்கணக்கில் கெடாமலும் இருக்கிறது. இது சவர் மிக்ஸுக்கு உறவுபோலத் தோன்றினாலும், மணத்துக்கு ஆதாரமான தோல் எண்ணெய் இதில் இருப்பதே பெரும் வேறுபாடு. 2006ஆம் ஆண்டின் கடைசி நாளில் நியூயார்க்கில் திறந்த டெத் அண்ட் கோ என்ற புகழ்பெற்ற காக்டெய்ல் பார், டென்வர், லாஸ் ஏஞ்சலஸ், வாஷிங்டன் என்று கிளைகள் பரப்பியிருப்பதும் கவனிக்கத்தக்கது. கைத்தொழில் பாரும் சங்கிலியாகும் காலத்தில், தரம் கிளைகளின் எண்ணிக்கையைச் சார்ந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

இன்றைய நிலையில் ஒரு சங்கிலி உணவகத்தில் அமர்ந்து காக்டெய்ல் கேட்கவிருப்பவர், மார்கரிட்டாவின் எலுமிச்சைச் சாறு அங்கேயே பிழியப்பட்டதா என்று பரிமாறுபவரிடம் கேட்பது முறையான கேள்வியே. பெரும்பாலான பணியாளர்கள் உண்மையைச் சொல்லிவிடுவர், ஏனெனில் மறைப்பதில் அவர்களுக்கு ஆதாயம் இல்லை. பிழியப்பட்டதன்று எனத் தெரிந்தால், சாறு சாராத கலவையை நாடுவது நல்லது. விஸ்கி, சர்க்கரை, பிட்டர்ஸ் கொண்ட ஓல்டு ஃபேஷன்டு 1806ஆம் ஆண்டின் வரையறையை ஏறத்தாழ அப்படியே பின்பற்றுவது. அதில் கெட்டுப்போகக்கூடிய பொருளே இல்லை. ஜின், காம்பாரி என்னும் கசப்பு மது, இனிப்பு வெர்மூத் ஆகிய மூன்றையும் சம அளவில் சேர்க்கும் நெக்ரோனியும் பெரும்பாலும் தப்பிவிடும், ஒரு நிபந்தனையோடு. வெர்மூத் என்பது மூலிகை மணமேற்றி வீரியம் கூட்டிய திராட்சை மது. மூடி திறந்தபின் குளிர்பெட்டியில் இருந்தால் சில வாரங்கள் தாங்கும், வெளியே இருந்தால் விரைவில் சுவை மாறும். எனவே நெக்ரோனி கேட்பதற்கு முன் வெர்மூத் போத்தல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். அது விளக்கொளியில் மற்றப் போத்தல்களோடு அடுக்கில் நின்றால், விஸ்கியும் சோடாவும் கேட்பதே மேல்.